பச்சைத் தலைக் கல், கறுப்புத் தலைக் கல்: மாவட்டச் சாலையை மாநில நெடுஞ்சாலை ஆக்கக் கேட்டால் என்ன கிடைக்கும்?

வண்டித்தடம் (கேள்வி)

வணக்கம். மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு தாலுகா ஊருக்குப் போகும் 24 கி.மீ. சாலை பற்றிய கேள்வி. முதல் 6 கி.மீ. வரை கி.மீ. கல்லின் தலை பச்சை, தார் அகலம் 7 மீட்டர். ஒரு கைகாட்டி முக்கு தாண்டியதும் கல்லின் தலை கறுப்பாகிறது, அகலம் 5.5 மீட்டராகச் சுருங்குகிறது. ஓடுகிற வண்டி இரண்டு பகுதியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: டவுன் பஸ், கரும்பு டிராக்டர், நெல் லாரி, பள்ளி வேன். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

"மாநில நெடுஞ்சாலையாகத் தரம் உயர்த்து" என்று ஊரில் மனு தயாராகிறது. கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: ஒரே நேர்கோட்டில் போகிற சாலை நடுவில் வகை மாறுவது ஏன்? இந்த எண்களை யார், எந்தக் கணக்கில் வைக்கிறார்கள்? தரம் உயர்ந்தால் அகலம் தானாக வந்துவிடுமா? மனுவில் என்ன எழுதினால் கோப்பு நகரும்?

கிமீகல்

பாதிக் குழப்பம் அந்த முக்கில்தான் இருக்கிறது. கண்ணுக்கு ஒரே சாலையாகத் தெரிந்தாலும் துறையின் சாலைப் பதிவேட்டில் அது இரண்டு சாலையாக இருக்கும். மாநில நெடுஞ்சாலை (எஸ்.எச்.) முக்கில் திரும்பி வேறு ஊருக்குப் போயிருக்கும். நேரே போகும் கிளை தனிப் பெயர் கொண்ட மாவட்ட முக்கிய சாலையாக (எம்.டி.ஆர்.) இருக்கலாம். முக்கு தாண்டியதும் கல்லில் கி.மீ. எண் புதிதாக 0-விலிருந்து ஏறுகிறதா, இல்லை எதிர்முனையிலிருந்து எண்ணி வந்து இங்கே முடிகிறதா என்று பாருங்கள். இரண்டில் எதுவானாலும் அது தனிச் சாலைதான். இடையில் நிற்கும் சின்னக் கற்களில் 2, 4, 6, 8 என்று இருக்கும். 200 மீட்டருக்கு ஒன்று. துறைக்கு எழுதும்போது "பெட்ரோல் பங்க் பக்கத்தில் பள்ளம்" என்று எழுதாமல் "கி.மீ. 8/4-க்கும் 8/6-க்கும் இடையில்" என்று எழுதினால் சாலை ஆய்வாளருக்கு நேராக இடம் புரியும்.

தலை நிறம்: தேசிய நெடுஞ்சாலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலை பச்சை, மாவட்டச் சாலை கறுப்போ நீலமோ, பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது ஆரஞ்சு. ஆனால் கல்லை மட்டும் நம்பாதீர்கள். வகை மாறியபின் பல வருஷம் பழைய பெயின்ட் அப்படியே கிடக்கும். அரசாணையும் பதிவேடும்தான் கணக்கு.

தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருப்பவை எஸ்.எச்., எம்.டி.ஆர்., இதர மாவட்டச் சாலை (ஓ.டி.ஆர்.) ஆகிய மூன்று. தேசிய நெடுஞ்சாலைகளில் சில பகுதிகளையும் துறையின் தே.நெ. பிரிவு பார்த்துக்கொள்கிறது, பெரிய நால்வழிகள் மத்திய ஆணையத்திடம். இதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை. நகர எல்லைக்குள் நகராட்சி, மாநகராட்சிச் சாலைகள் தனி.

எண் விஷயம். தேசிய நெடுஞ்சாலைக்கு 2010 முதல் ஓர் ஒழுங்கு உண்டு. வடக்கு தெற்காகப் போவது இரட்டைப்படை, கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போவது ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே வரவரக் கூடும். மூன்று இலக்கம் என்றால் கிளை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையின் எண். பழைய என்.எச். 7 இப்போது 44. அதிலிருந்து சேலத்தில் பிரிந்து கோவை வழியாகக் கொச்சி போகும் பழைய 47, இப்போது 544. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போவது 744. எண்ணைப் பார்த்தே எங்கே ஒட்டுகிறது என்று சொல்லிவிடலாம்.

எஸ்.எச். எண்களில் அப்படி எந்த விதியும் கிடையாது. பட்டியலில் சேர்ந்த வரிசையில் கிடைத்த எண்கள்தான். இடையில் நுழைந்ததற்கு எழுத்து ஒட்டுவார்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலை 49, பழைய மாமல்லபுரம் சாலை 49ஏ. எஸ்.எச். ஒன்று மத்திய அரசுக்குப் போய்விட்டால் பட்டியலில் ஓட்டை விழும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே மாமல்லபுரம்–புதுச்சேரி பகுதி இப்போது என்.எச். 332ஏ. ஆகவே "எங்கள் சாலைக்குச் சின்ன எண் வேண்டும்" என்று யாராவது மனுவில் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பழையதாலுகா

வகை எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதராஸ் ராஜதானியில் அரசு கவனித்த பெருஞ்சாலைகள் எல்லாம் சென்னையில் தொடங்கி வெளியே விரிபவை. வடக்கே ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலை, தெற்கே ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை, மேற்கே பெங்களூர் சாலை. படை நகர்த்தவும், கலெக்டர் கச்சேரிக்கும் துறைமுகத்துக்கும் சரக்கு போகவும் அது போதும். குறுக்கே ஊருக்கு ஊர் போகும் சாலைகள் உள்ளூர்ப் பணத்தில் வளர்ந்தன. 1871 சட்டத்தில் லோக்கல் ஃபண்ட் போர்டுகள், 1884 சட்டத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு. நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ்ஸும் சுங்கச்சாவடி வருமானமும்தான் முதல். இன்றைக்கும் கம்பத்தில் எல்.எஃப். ரோடு என்று ஒரு தெரு இருக்கிறதே, அந்த எல்.எஃப். லோக்கல் ஃபண்ட்தான். தஞ்சாவூர் ஜில்லா போர்டு சாலையோடு நிற்காமல் மாயவரம்–முத்துப்பேட்டை ரயில் பாதையையே போட்டது; 1894-ல் திறந்தார்கள்.

ரயில் வந்தபின் ஒரு திருப்பம். ரயிலுக்கு இணையாக ஓடிய பெருஞ்சாலைகளில் அக்கறை குறைந்தது, ஸ்டேஷனுக்குச் சரக்கு கொண்டுவரும் குறுக்குச் சாலைகளுக்கு மதிப்பு கூடியது. ஊர் தவறாமல் ஸ்டேஷன் ரோடு இருப்பதும், சில மாவட்டச் சாலைகள் ஊரின் நடுவே போகாமல் ஸ்டேஷனைப் பார்த்து வளைவதும் அதனால்தான். அந்த வளைவுகள் இன்றும் ஓட்டுநர்களைப் படுத்துகின்றன.

மோட்டார் பஸ் வந்ததும் ஜில்லா போர்டுகளின் கப்பிச் சாலைகள் தாங்கவில்லை. ரப்பர் டயர் ஜல்லியின் இடுக்கிலிருக்கும் மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும். ஜல்லி தனித்தனியாகக் கழன்றுவிடும். இந்தச் சிக்கலை ஆராய 1927-ல் ஜெயகர் குழு அமைந்தது. அது சொன்னபடி பெட்ரோலில் கூடுதல் வரி போட்டு 1929-ல் மத்திய சாலை நிதி வந்தது, 1934-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.). மதராஸில் 1931-ல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது போர்டுகளின் சுங்கச்சாவடிகளை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக வரியில் பங்கு கொடுத்தார்கள். திருச்சி நம்பர் 1 டோல்கேட் மாதிரிப் பெயரில் மட்டும் பழைய சாவடிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எடுத்த சாவடி அறுபது எழுபது வருஷத்தில் வேறு உருவில் திரும்பி வந்தது வேறு கதை.

இப்போதுள்ள ஐந்தடுக்கு, அதாவது தேசிய, மாகாண, மாவட்ட முக்கிய, இதர மாவட்ட, கிராமச் சாலை என்ற பிரிப்பு, 1943-ல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் வகுத்தது. மாகாண நெடுஞ்சாலைதான் பின்னால் மாநில நெடுஞ்சாலை. 1946-ல் மதராஸில் நெடுஞ்சாலைத் துறை தனித்துறையாகப் பிரிந்தது. 1958 சட்டங்களால் ஜில்லா போர்டுகள் போய் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தபோது போர்டு சாலைகள் பங்கு பிரிந்தன: முக்கியமானவை துறைக்கு, கிராமத்துச் சாலைகள் ஒன்றியத்துக்கு. உங்கள் 24 கி.மீ. இரண்டாகப் பிரிந்து கிடப்பதற்கு விதை அநேகமாக அந்தப் பங்கு பிரிப்பில் இருக்கும். முதல் 6 கி.மீ. பெரிய சாலை ஒன்றின் துண்டு, மீதி போர்டு சாலை.

குறுக்குச் சாலைகளின் அருமை புரிய வேண்டுமானால் எஸ்.எச். 57-ஐப் பாருங்கள். சிங்கப்பெருமாள்கோவில், ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர், செங்குன்றம். சென்னையிலிருந்து விரியும் நான்கு கதிர்களையும் ஊருக்குள் நுழையாமல் ஒரே வில்லில் கோக்கிறது. எஸ்.எச். 58 இன்னும் வெளியே: சதுரங்கப்பட்டினத்தில் கடற்கரையில் தொடங்கி செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகத் திருத்தணி. கதிர்களை அரசாங்கம் முன்பே போட்டுவிட்டது. கதிரை கதிரோடு கட்டுவதுதான் மாநில நெடுஞ்சாலையின் வேலை. மனுவில் "எங்கள் சாலை பழமையானது" என்பதைவிட "இந்த எஸ்.எச்.-ஐயும் அந்த என்.எச்.-ஐயும் இணைக்கிறது" என்பதற்கு எடை அதிகம்.

பழமை என்றால் அதற்கும் ஒரு சிறு குறிப்பு. தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் "நாவற்தாவளத்துக்கு" இத்தனை காதம் என்று வெட்டியிருக்கிறது; ஆறகழூர்க் கல்லில் காஞ்சிபுரம் 16 காதம் என்பதைப் படிக்கத் தெரியாதவர்களும் எண்ணும்படி 16 குழி. நம்முடைய கைகாட்டிகள் சிலவற்றைவிடத் தெளிவு.

ஜல்லிக்கலவை

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் ஊருக்கு வேண்டியது அகலம். எஸ்.எச். என்ற பெயர் கிடைத்தாலே அகலம் வராது, 5.5 மீட்டரிலேயே பல வருஷம் கிடக்கிற எஸ்.எச். துண்டுகள் உண்டு. அதேபோல் எம்.டி.ஆர். ஆகவே இருந்தபடி 7 மீட்டர் ஆனவையும் நிறைய. துறையின் ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் எஸ்.எச்., எம்.டி.ஆர்., ஓ.டி.ஆர். மூன்றுக்கும் பொது. நபார்டு கடன், மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி (பழைய மத்திய சாலை நிதி) இவற்றிலும் எம்.டி.ஆர்.-க்கு இடம் உண்டு. எனவே மனுவின் தலைப்பை "இடைநிலைத் தடத்திலிருந்து இருவழித் தடமாக அகலப்படுத்துதல்" என்று மாற்றுங்கள். தர உயர்வை இரண்டாவது கோரிக்கையாக வையுங்கள்.

அகலத்துக்கு ஆதாரம் போக்குவரத்துக் கணக்கெடுப்பு. ஒரு வாரம், நாளைக்கு 24 மணி நேரம், வருஷத்துக்கு இரு முறை எடுப்பது ஐ.ஆர்.சி. முறை, ஒன்று அறுவடைக் காலத்தில், ஒன்று சாதாரண நாளில். வண்டிகளைக் கார் அலகாக (பி.சி.யூ.) மாற்றுவார்கள். பைக் 0.5, கார் மற்றும் ஆட்டோ 1, சிறு சரக்கு வண்டி 1.5, பஸ் மற்றும் லாரி 3, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் 4.5, சைக்கிள் 0.5, மாட்டுவண்டி 8. சமவெளியில் ஒரு நாள் தாங்கும் அளவு: ஒருவழித் தடம் (3.75 மீ.) 2,000, இடைநிலைத் தடம் (5.5 மீ.) 6,000, இருவழி (7 மீ.) 15,000. இருபுறமும் 1.5 மீட்டர் தார்ப் புயம் (ஓடுதளத்தை ஒட்டிய ஓரப் பட்டை) சேர்த்தால் 15 சதவீதம் கூடும்.

உதாரணத்துக்கு ஒரு நாள் கணக்கு. பைக் 3,600 (1,800 அலகு), கார், ஆட்டோ 1,400 (1,400), சிறு சரக்கு 300 (450), பஸ், லாரி 420 (1,260), லாரி டிரெய்லர் 60 (270), டிராக்டர் டிரெய்லர் 90 (405), சைக்கிள் 300 (150), மாட்டுவண்டி 10 (80). மொத்தம் 5,815. இன்றைக்கு 6,000-க்குள், 5 சதவீத வளர்ச்சி வைத்தால் அடுத்த வருஷமே 6,100-ஐத் தாண்டும். இப்படி ஒரு தாள் மனுவோடு போனால் கோட்டப் பொறியாளர் அலுவலகம் தன் கணக்கெடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். கரும்பு வெட்டு நடக்கிற மாதத்தில் எண்ணுங்கள். டிராக்டரின் 4.5 அங்கேதான் கைகொடுக்கும். ஆனால் உச்ச வாரத்தை மட்டும் காட்டினால் நம்ப மாட்டார்கள், சாதாரண வாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

பி.சி.யூ. அகலத்துக்கு மட்டும். தடிமனுக்கு வேறு கணக்கு. அதில் பைக்கும் காரும் பூஜ்யம், 3 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள வணிக வண்டிகள் மட்டும்தான். அச்சுச் சுமை கூடினால் சேதம் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடும். 80 கிலோநியூட்டன் நிலை அச்சு ஒன்று செய்வதை 1 என்றால், 120 கிலோநியூட்டன் அச்சு சுமார் 5 செய்யும். அதிகப் பாரம் ஏற்றும் குவாரி வண்டி இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அகலம் வந்தும் மூன்றாம் மழையில் சக்கரத் தடம் பதிந்துவிடும்.

இனி அகலப்படுத்தும்போது கெடுகிற இடங்கள். 5.5-லிருந்து 7 என்றால் 1.5 மீட்டர் கூட வேண்டும். பக்கத்துக்கு 75 செ.மீ. என்று பிரித்தால் காகிதத்தில் அழகு, களத்தில் வம்பு: ரோலர் 75 செ.மீ. பள்ளத்துக்குள் இறங்காது. ஓரம் இறுகாமலே மேலே தார் போட்டு மூடுவார்கள், இரண்டு பருவத்தில் ஓரம் உட்காரும், பழைய தாரின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு ஓடும். இடம் இருந்தால் ஒரே பக்கம் 1.5 மீட்டரைச் சேர்ப்பது நல்லது. அதற்கும் ஒரு விலை உண்டு. சாலையின் நடுமுதுகு 75 செ.மீ. நகரும். 2.5 சதவீதச் சரிவில் புது முதுகு வரும் இடத்தில் பழைய தளத்தை ஏறக்குறைய 38 மி.மீ. உயர்த்த வேண்டும். எஸ்டிமேட்டில் சரிவுத் திருத்தக் கலவை என்று தனி அளவு இல்லாவிட்டால் அதைச் செய்ய மாட்டார்கள். மழைத் தண்ணீர் பழைய முதுகுக்கும் புது ஓரத்துக்கும் நடுவே தேங்கும்.

பழைய தளத்தோடு சேரும் இடத்தைச் செங்குத்தாக வெட்டாமல் படிபடியாக வெட்டிச் சேர்க்க வேண்டும். அடி அடுக்கான சரளைக் கலவை புயத்தின் வெளி விளிம்பு வரை நீள வேண்டும், பாதியில் மண்ணால் அடைத்தால் தண்ணீர் வெளியேற வழியில்லை. வண்டல் மண் பகுதியில் இது உயிர்நாடி.

மறக்கும் இன்னொன்று சிறுபாலம். சாலை 7 மீட்டர், குழாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவர்கள் பழைய அகலத்திலேயே. ராத்திரியில் மோதுவது அங்கேதான். மனுவில் ஒவ்வொரு சிறுபாலத்தையும் கி.மீ. எண்ணோடு எழுதிக்கொடுங்கள்.

வண்டித்தடம்

ரொம்ப நன்றி சார். முக்கில் போய்ப் பார்த்தாயிற்று, கிமீகல் அண்ணன் சொன்னபடியே கறுப்புக் கல் 0-விலிருந்துதான் தொடங்குகிறது. பச்சை வலது கைப்பக்கம் திரும்பிவிடுகிறது. இன்னொரு கேள்வி. இரண்டு கிராமங்களுக்குள் வீட்டு வாசலுக்கும் தாருக்கும் நடுவே மூன்று மீட்டர்கூட இல்லை. எஸ்.எச். ஆனால் வீடெல்லாம் போய்விடும் என்று அங்கே மனுவில் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அது உண்மையா? டாஸ்மாக் கடையை நகர்த்திவிடுவார்கள் என்று வேறு ஒரு பேச்சு.

அபதிவேடு

பயத்தில் பாதி நியாயம். ஐ.ஆர்.சி. அளவுப்படி திறந்த வெளியில் எஸ்.எச்.-க்கு வேண்டிய நில அகலம் 45 மீட்டர், எம்.டி.ஆர்.-க்கு 25. கட்டடக் கோடுகளுக்கு (இவற்றுக்கு உள்ளே கட்டடம் கூடாது) இடையே எஸ்.எச்.-ல் 80 மீட்டர், எம்.டி.ஆர்.-ல் 50. கட்டுப்பாட்டுக் கோடு (இதற்குள் கட்டடம் கட்டுவது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது) 150-ம் 100-ம். இவை விரும்பத்தக்க அளவுகள். வகை மாறிய அரசாணை வந்த மறுநாள் யாருடைய நிலமும் துறைக்குப் போய்விடாது. புதிதாகக் கட்டடமோ பெட்ரோல் பங்கோ வைக்கத் தடையின்மைச் சான்று கேட்கும்போது கோடுகள் இறுகும், அதுதான் உடனடி விளைவு. நிலம் எடுக்கத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-ன் 15-ஆம் பிரிவில் தனி அறிவிக்கை, ஆட்சேபணை விசாரணை, இழப்பீடு எல்லாம் வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுப்பதை 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டமன்றம் மறு உயிர் கொடுக்க ஒரு சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் 2021-ல் அதை ஏற்றுக்கொண்டது. எனவே இன்று 15-ஆம் பிரிவு நடப்பில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது வாசலுக்கும் தாருக்கும் நடுவில் இருப்பது யாருடைய நிலம் என்பது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) சாலையின் சர்வே எண்ணைப் பாருங்கள். "சர்க்கார் புறம்போக்கு, சாலை" அல்லது "பாட்டை" என்று இருக்கும். புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) அந்த எண்ணின் அகலத்தை அளவுகோல் வைத்து அளக்கலாம். போர்டு காலத்துச் சாலைகளில் தார் 5.5 மீட்டர் இருந்தாலும் புறம்போக்கு 15 மீட்டர் வரை கிடப்பது உண்டு. திண்ணையும் தகரக் கொட்டகையும் அதன்மேல்தான் நிற்கும். அப்படியானால் அது நில எடுப்பு ஆகாது, ஆக்கிரமிப்பு. 28(2)(ii) பிரிவில் நோட்டீஸ் வரும், இழப்பீடு கிடையாது. அதற்கு எம்.டி.ஆர்., எஸ்.எச். என்ற வித்தியாசமும் கிடையாது, இப்போதே கொடுக்கலாம். நோட்டீஸ் வந்தால் வருவாய்த் துறை நில அளவருடன் கூட்டு அளவை கேளுங்கள். தார் நடுக்கோட்டிலிருந்து டேப் பிடித்து அளப்பதை ஏற்காதீர்கள். சாலை பல முறை ஒரு பக்கமாகவே அகலப்பட்டிருந்தால் தார் நடுவும் புறம்போக்கின் நடுவும் ஒன்றாக இருக்காது.

உண்மையிலேயே பட்டா நிலம் நெருக்கினால் இரண்டு வழி. ஊருக்குள் மட்டும் மண் புயத்தை விட்டுவிட்டு மூடிய வடிகால் கட்டி, அதன் மேல்மூடியை நடைபாதை ஆக்கி 7 மீட்டர் எடுப்பது. இல்லையென்றால் சிறு புறவழி. புறவழிக்கு மனுப் போடுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: புறவழி வந்ததும் ஊருக்குள் இருக்கும் பழைய துண்டு கீழ் வகைக்கு இறங்கும், உள்ளாட்சி தலையில் விழவும் வாய்ப்பு உண்டு. அதன் பிறகு பராமரிப்புக்கு ஊராட்சி நிதி எவ்வளவு தாங்கும்?

டாஸ்மாக்: 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது, 20,000 பேருக்குக் குறைவாக உள்ள உள்ளாட்சிப் பகுதியில் 220 மீட்டர் என்று பிறகு தளர்த்தியது. நகராட்சி எல்லைக்குள் இருப்பவற்றுக்கு 2017-ல் மேலும் விலக்கு. அந்தச் சமயத்தில் நாட்டின் பல இடங்களில் எஸ்.எச். சாலைகளை அவசரமாக மாவட்டச் சாலையாக இறக்கினார்கள். போக்குவரத்துக் கணக்கே பாராமல் சாலையின் வகை மாறும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உங்கள் சாலை எஸ்.எச். ஆனால் இந்தத் தூர விதி பொருந்தும், ஊராட்சிப் பகுதியில் கடை நகர வேண்டி வரலாம். மனுவை எதிர்க்கிறவர்கள் யார், ஆதரிக்கிறவர்கள் யார் என்பது இதை வைத்துக் கொஞ்சம் விளங்கும்.

கிமீகல்

அபதிவேடு சொன்னதோடு ஒரு சின்ன மாறுபாடு. எஸ்.எச். ஆவதால் பலன் எதுவுமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுதளம் போடும் முன்னுரிமைப் பட்டியலில் எஸ்.எச். மேலே நிற்கும். வெளிக்கடன் திட்டங்களும் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலையைத்தான் எடுக்கின்றன. ஆனால் எஸ்.எச்.-லிருந்து என்.எச். ஆவது வேறு மாதிரி. அறிவித்துவிட்டு, விரிவாக்கம் தொடங்கும்வரை இரண்டு அரசும் செலவு செய்யத் தயங்கும் இடைக்காலம் ஒன்று வரும். பள்ளத்துக்கு மனுப் போட்டால் "ஒப்படைக்கப்பட்டுவிட்டது" என்று ஒருவரும் "இன்னும் ஏற்கவில்லை" என்று மற்றவரும் பதில் எழுதுவார்கள். என்.எச். ஆக்கக் கேட்கும் ஊர்க்காரர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

கோப்பு போகும் பாதை: உதவிப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர், கோட்டப் பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் (கட்டுமானம் மற்றும் பராமரிப்பு), பிறகு தலைமைச் செயலகம், அரசாணை. மனுவைக் கோட்டப் பொறியாளர் பெயருக்கு எழுதி, நகலை மாவட்ட ஆட்சியருக்குத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து, ரசீது எண் வாங்குங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதானால் நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கைக்குச் சில மாதம் முன்பே கொடுக்க வேண்டும். கூட்டம் தொடங்கியபின் கொடுத்தால் அந்த வருஷப் பட்டியல் ஏற்கெனவே மூடியிருக்கும்.

அதற்கும் முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1)-ல் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இவற்றைக் கேளுங்கள்: இந்தச் சாலையின் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்; வகைப்படுத்திய அரசாணை எண், தேதி; கடைசி இரண்டு போக்குவரத்துக் கணக்கெடுப்பின் வண்டி வாரியான எண்ணிக்கை; கி.மீ. வாரியாகத் தார் அகலம், நில அகலம். கடைசியாக மறுதளம் போட்ட தேதி, ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் தேதி. "ஏன் அகலப்படுத்தவில்லை" என்று கேட்காதீர்கள்; ஏன் என்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜல்லிக்கலவை

குறைபாட்டுப் பொறுப்புக் காலத் தேதி முக்கியம். அந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும் துண்டில் துறை புது எஸ்டிமேட் போடத் தயங்கும். 18 கி.மீ.-ல் எந்தெந்தத் துண்டுக்கு அது முடிந்துவிட்டது என்று பார்த்து, அந்தக் கி.மீ. எண்களை மட்டும் முதல் கட்டமாகக் கேளுங்கள். மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் எத்தனை நகர வேண்டும் என்று இப்போதே எண்ணி வையுங்கள். அந்தச் செலவை எஸ்டிமேட்டில் வைத்து மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் முன்பணம் கட்டிய பிறகுதான் அவர்கள் ஆள் அனுப்புவார்கள். அது தாமதமானால் கம்பத்தை நடுவில் விட்டுவிட்டுச் சுற்றித் தார் போட்டுப் பில் எழுதிவிடுவார்கள்.